சிறுதேரும் சிற்றிலும்: உடையாத பொம்மைகளின் வரலாறு

தமிழில் அண்மை ஆண்டுகளில் வெளிவந்துள்ள கவிதைத் தொகுப்புகளைப் புரட்டுவோர்க்கு ஒரு காட்சி அடிக்கடி எதிர்ப்படும். வண்ணம் போன மரப்பாச்சி ஒன்று பரணிலிருந்து இறங்கி வருகின்றது. அதன் பின்னே நடைவண்டி, செப்புச் சாமான், பம்பரம், தகரக் கப்பல் என்று ஒரு வரிசையே வந்து நிற்கின்றது. கவியரங்கில் இப்பெயர்களுள் ஒன்று ஒலித்த அளவிலேயே அவையோர் முகத்தில் ஓர் இளக்கம் பரவுவதையும் காணலாம். அக்கவிதைகளின் முறையீடு பெரும்பாலும் ஒன்றே: அந்நாளைய பொம்மை உடையவில்லை, இந்நாளைய பொம்மை ஒரு வாரம் தாங்குவதில்லை. உமா மகேஸ்வரியின் 'மரப்பாச்சி' என்னும் சிறுகதை போல அப்பாவைக்குள் புதுப்பொருள் கண்ட படைப்புகளும் உண்டு. எனினும் பொதுவழக்கில் மரப்பாச்சி, இழந்த காலத்தைச் சுட்டுவதற்குக் கைக்கெட்டும் தொலைவில் கிடக்கும் குறியீடாகிவிட்டது.

முறையீட்டில் உண்மை இல்லாமலில்லை. பாட்டி விளையாடிய பாவையைப் பெயர்த்தியும் வைத்து விளையாடிய வீடுகள் தமிழகத்தில் பல. ஆயின், உடையாத அப்பொம்மை யாருடைய கையில் இருந்தது என்பதையும், எதனால் அது உடையாமல் இருந்தது என்பதையும் கேட்கும் கவிதைகள் மிகச் சிலவே. இவ்விரு வினாக்களோடு இலக்கியத்திற்குள்ளும் வீட்டுப் பரணுக்குள்ளும் நுழைந்தால் கிடைக்கும் விடை, ஏக்கக் கவிதைகள் தரும் விடையினின்று பெரிதும் வேறுபடுகின்றது.

நிலைத்த பொம்மை பற்றிய தமிழ்ச் சான்றுகளுள் முதலிடம் பெறுவது சிறுதேர். பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் காட்சி கற்றோர் பலரும் அறிந்தது. காவிரிப்பூம்பட்டினத்து அகன்ற முற்றத்தில் உணவுப் பொருள் உலர்கின்றது. அதனைக் கவர வரும் கோழியை விரட்ட மகளிர் தம் காதிலிருந்த கனத்த குழையைக் கழற்றி எறிகின்றனர். கீழே கிடக்கும் அக்குழை, காலில் பொன்னணி பூண்ட சிறுவர் உருட்டிவரும் சிறுதேரின் வழியை மறிக்கின்றது. சோழநாட்டு வளத்தைக் கூறும் உயர்வுநவிற்சியாகவே இதனைப் பெரும்பாலோர் போற்றுவர். ஆனால் அத்தேருக்குச் சக்கரம் மூன்று என்று எண்ணிச் சொன்னதும், அதனை இழுக்கக் குதிரை இல்லை என்று குறித்ததும் வளத்தைப் புகழ்வதற்குத் தேவையில்லாத செய்திகள். உண்மையிலேயே ஒரு விளையாட்டுத் தேரைக் குனிந்து பார்த்த கண் அது. மூன்று சக்கரம், கையால் உருட்டுதல் என்னும் இரண்டும் இன்றைய நடைவண்டிக்கும் அப்படியே பொருந்துவன.

அதே புலவர் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் வரும் சிறுதேர் இதனினும் நுட்பமானது. தொண்டைமான் இளந்திரையன் நாட்டு மருத நிலம். ஏணிக்கு எட்டாத உயரத்தில் நெற்கூடுகள் நிற்கும் உழவர் மனைகள். அம்மனைக் குழந்தை தேரை உருட்டித் தளர்நடையால் களைத்து, செவிலியின் பாலை அருந்திப் படுக்கையில் உறங்குகின்றது. அத்தேருக்குப் புலவர் தரும் அடை ஒன்று உண்டு. தச்சருடைய பிள்ளைகளும் விரும்பும்படி செய்யப்பட்ட தேராம் அது. நாள்தோறும் பட்டறையில் தேர் உருவாவதைக் கண்டு பழகிய பிள்ளைகளுக்கும் ஆசையூட்டிய வேலைப்பாடு என்று கொண்டு, இதனைத் தச்சனின் திறத்திற்குக் கிடைத்த புகழாக உரைப்பது பொருத்தமானதே. அதே சொற்களுக்குள் இன்னொரு செய்தியும் இருக்கின்றது. தேர் தச்சன் வீட்டில் பிறந்தது. தச்சன் வீட்டில் தங்கவில்லை. அவன் பிள்ளைகள் பார்த்து ஆசைப்பட்டனர். உருட்டியது நெற்கூடுடைய மனையின் பிள்ளை. ஆசைப்பட்டவர்கள் பிறகு எதை வைத்து விளையாடினார்கள் என்பதைப் பாட்டு சொல்லவில்லை; அது குழந்தையின் உறக்கத்தோடு நகர்ந்துவிடுகின்றது.

குறுந்தொகையின் 61-ஆம் பாடலில் இச்சிறுதேர் உவமையாகின்றது. பாடியவர் தும்பிசேர்கீரனார், தலைவன் விடுத்த வாயில்களிடம் தோழி கூறும் கூற்று. தச்சன் சிறு குதிரை பூட்டிச் செய்து தந்த தேரில் ஏறி ஊர்ந்து செல்ல முடியாது. எனினும் சிறுவர் அதனைக் கையால் இழுத்து மகிழ்வர். அதுபோலத் தலைவனோடு கூடும் இன்பம் இல்லாது போயினும் அவன் நட்பை நெஞ்சில் இழுத்துக்கொண்டு மகிழ்கின்றோம் என்பது அவள் கருத்து. மருதத் திணைக்குரிய கசப்பு முழுவதும் இவ்வுவமைக்குள் அடங்கியுள்ளது. வளர்ந்த பெண்ணொருத்தி தன் தோழியின் இழப்பைச் சொல்லச் சிறுபருவத்துப் பொம்மையைத் திரும்பிப் பார்க்கின்றாள். பொம்மை நினைவைத் தமிழ்க் கவிதை கையாண்ட மிகப் பழைய இடங்களுள் இஃது ஒன்று. அவள் அத்தேர் உறுதியானது என்றோ உடையவில்லை என்றோ ஒரு சொல்லும் சொல்லவில்லை. தேரால் எது முடியாது என்பதையே சொல்கின்றாள். இன்றைய ஏக்கக் கவிதைகள் தவறவிட்ட இடம் இதுவே எனத் தோன்றுகின்றது.

இதற்கு எதிரிணையாகக் கலித்தொகையில் கபிலர் பாடிய குறிஞ்சிக்கலியின் புகழ்பெற்ற பாட்டொன்றைக் (51) கூறலாம். தாகத்திற்கு நீர் கேட்டு வந்து கையைப் பற்றிய இளைஞனைப் பற்றித் தலைவி தோழிக்குச் சொல்கின்றாள். அவன் யார் என்று அடையாளம் காட்ட அவள் எடுத்துக்கொள்ளும் செய்தி, தெருவில் தாங்கள் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைத்த சிறுவன் அவன் என்பது. சிற்றில் ஒரு பொழுதுகூடத் தாங்காத விளையாட்டுப் பொருள். மணலும் நீரும் விரல்களுமே அதன் முதல். ஆனால் சங்கப் பாடல்களில் ஒரு சிறுபருவ விளையாட்டு இத்தனை ஆண்டுகள் ஒரு பெண்ணின் நெஞ்சில் கிடந்து, இத்தனை சிரிப்போடு வெளிவந்த இடம் வேறில்லை எனலாம். தச்சன் செய்த தேர் உவமையாயிற்று. உடைந்த மணல்வீடு கதையாயிற்று.

பொம்மையில் செல்வநிலை புகுந்து கலகம் செய்வதை வெளிப்படையாகப் பேசியது வடமொழி நாடகம். சூத்திரகரின் மிருச்சகடிகத்தைப் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் 'மண்ணியல் சிறுதேர்' என்னும் பெயரில் தமிழாக்கினார். பெயரமைப்பிலேயே பத்துப்பாட்டின் சிறுதேர் வந்து கலந்துவிட்டது அத்தமிழாக்கத்தின் அழகு. வறுமையுற்ற சாருதத்தனின் மகன் அண்டை வீட்டுப் பிள்ளையின் பொன்தேரை வைத்து விளையாடிப் பழகியவன்; அதனை உரியவர் எடுத்துக்கொண்டபின், பணிப்பெண் செய்து தந்த மண்தேரை வேண்டாமென்று அழுகின்றான். வசந்தசேனை தன் அணிகலன்களைக் கழற்றி மண்தேரில் நிரப்பிப் பொன்தேர் செய்துகொள்ளச் சொல்கின்றாள். அந்த நகைகளே பின்னர் வழக்குமன்றத்தில் சாருதத்தனுக்கு எதிரான சான்றாகி அவனைக் கொலைக்களம் வரை கொண்டு செல்கின்றன. ஒரு குழந்தையின் பொம்மை ஆசையிலிருந்து கதையின் முடிச்சை இறுக்கிய நாடகாசிரியரின் துணிவு வியக்கத்தக்கது.

பிள்ளைத்தமிழ் இவ்விரண்டு வகைப் பொம்மைகளையும் பருவங்களாகவே ஆக்கிவிட்டது. 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் முதலாக, ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்களாகச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன அமைகின்றன. சிற்றிலில் பெண்குழந்தைகள் தாம் கட்டிய மணல்வீட்டைச் சிதைக்க வேண்டாமென்று ஆண்குழந்தையை வேண்டுகின்றனர்; ஆண்டாளும் நாச்சியார் திருமொழியில் இந்த வேண்டுதலுக்கு ஒரு பதிகம் ஒதுக்கினார். பறையும் தேரும் ஆணுக்கு. பெண்பாற் பிள்ளைத்தமிழில் அவ்விடங்களில் கழங்கு, அம்மானை, நீராடல், ஊசல் போன்றவை வரும். தச்சனிடம் சொல்லிச் செய்யவேண்டிய தேர் ஆண்பிள்ளைக்கு உரியதாகவும், காய்களையும் மணலையும் கொண்டு தாமே அமைத்துக்கொள்வன பெண்பிள்ளைக்கு உரியனவாகவும் மரபு பகிர்ந்து கொடுத்திருப்பதைக் கவிஞர்கள், சிறப்பாகப் பெண்கவிஞர்கள், நோக்குதல் வேண்டும். விதிவிலக்கு இல்லாமலில்லை. புறநானூற்றின் 36-ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார் பொன்னால் செய்த கழங்கைக் கொண்டு ஆற்றுமணலில் ஆடும் சிறுமியரைக் காட்டுகின்றார். பொன்னாயினும் கழற்சிக்காயாயினும் மேலே எறிந்து புறங்கையில் தாங்கும் ஆட்டம் ஒன்றே.

இலக்கியத்தை மூடிவைத்து மண்ணைத் தோண்டினால் வேறொரு வேடிக்கை காத்திருக்கின்றது. உருத்திரங்கண்ணனார் கண்ட மரத்தேர்களுள் ஒன்றேனும் நமக்குக் கிடைக்கவில்லை. தமிழகத்து ஈரமும் கறையானும் மரத்தை விட்டுவைப்பதில்லை. கிடைப்பவை சுடுமண் பொருள்களே. சிந்துவெளியில் மொகஞ்சதாரோவிலும் அரப்பாவிலும் கிடைத்த சுடுமண் வண்டிகள், ஊதுகுழல்கள், தலையசைக்கும் காளை ஆகியவை அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. 2015 முதல் அகழாய்வு நடைபெற்றுவரும் கீழடியில் தாயக்கட்டையும் ஆட்டக்காய்களும் கிடைத்தன. உடைந்த பானையோட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகளும் மிகுதியாகக் கிடைத்தன. அச்சில்லுகள் யாவும் விளையாட்டிற்கே உரியவை என்று சொல்வதற்கில்லை. ஆயினும் இன்றும் பாண்டி ஆடும் சிறுமி பானையோட்டையோ ஓட்டுத்துண்டையோ கல்லில் தேய்த்து வைத்துக்கொள்வதைக் கண்டவர்கள் அவற்றை உடனே இனங்கண்டுகொள்வர். விலை கொடுத்துச் செய்த தேர் மண்ணாகிவிட்டது. உடைந்துபோன பானையிலிருந்து பெயர் தெரியாத ஒரு பிள்ளை எடுத்துத் தேய்த்த ஓடு இரண்டாயிரம் ஆண்டு கடந்து நிற்கின்றது. உடையாத பொம்மை என்று பாடுவோர், ஏற்கெனவே உடைந்த பொருளே நெடிது நின்றதை எண்ணிப் பார்க்கலாம்.

இனி மரப்பாச்சிக்கு வருவோம். வள்ளுவர் மரப்பாவையை இரு குறள்களில் (1020, 1058) உவமையாக்கினார். அவை கயிற்றால் ஆட்டும் கூத்துப்பாவைகள். வீட்டு மரப்பாச்சியோ அசையாதது. கைகள் உடலோடு ஒட்டியும், முகம் சில கோடுகளளவில் நின்றும், ஆணும் பெண்ணுமாய் இணையாகவே செதுக்கப்படுவது. செஞ்சந்தனம் எனப்படும் செம்மரமே அதற்குச் சிறந்ததாகக் கருதப்பட்டது. சேசாசலம் முதலான தெற்குக் கிழக்குத்தொடர்ச்சி மலைப்பகுதிகளிலன்றி வேறெங்கும் இயற்கையாக வளராத மரம் அது. திருப்பதி மரப்பாச்சிக்குப் பெயர் ஏற்பட்டதும் அம்மலைகளின் அண்மையாலேயே. செம்மரத்தின் வயிரப்பகுதி நீரில் இட்டால் மூழ்கிவிடும் அளவுக்குக் கனமும் செறிவும் உடையது. பல் முளைக்கும் குழந்தை கடித்தால் பல்தான் வலிக்கும். பாவைக்கு ஒன்றும் நேராது. குழந்தைக்கு வீக்கம் கண்டால் அதே மரத்தைக் கல்லில் நீர் விட்டு இழைத்துப் பூசுவதும் பழைய வழக்கம். அவ்வகையில் சில வீட்டு மரப்பாச்சிகள் விளையாட்டால் தேய்ந்ததைவிட வைத்தியத்தால் தேய்ந்தன.

மரத்தின் உறுதி ஒரு காரணம். மற்றொரு காரணத்தை யாரும் கவிதையில் சொல்வதில்லை; அது பூட்டு. திருமணத்தின்போது மகளுக்குத் தரப்பட்டு, நவராத்திரிக் கொலுவில் மேற்படியில் பட்டாடை சுற்றி நிறுத்தப்பட்டு, விழா முடிந்ததும் துணியில் பொதிந்து பெட்டிக்குள் சென்றுவிடும் மரப்பாச்சி, ஆண்டில் சில நாட்களே வெளிச்சத்தைக் காண்கின்றது. அந்நாட்களிலும் குழந்தைகள் தொட்டால் அதட்டும் குரல் ஒன்று அருகிலேயே இருக்கும். கொலு வைக்கும் வழக்கமுடைய வீடுகள் ஊரில் எத்தனை, அவை எந்தத் தெருக்களில் இருந்தன என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஏனைய வீட்டுப் பிள்ளைகள் சுண்டல் வாங்கப் போய், படியில் நிற்கும் பாவையைப் பார்த்துவிட்டு வந்தனர். தச்சன் பிள்ளைகள் தேரைப் பார்த்தது போலத்தான். தலைமுறை கடந்த பாவைகளுள் ஒரு பகுதி, யாரும் வைத்து விளையாடாத காரணத்தாலேயே தலைமுறை கடந்தன.

செம்மரத்தின் கதை பொம்மையோடு நின்றுவிடவில்லை. வெளிநாட்டுத் தேவையால் மரம் வெட்டிக் கடத்துவது பெருகவே, அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1995-இல் அம்மரம் சேர்க்கப்பட்டது. அதனால் இன்று மரப்பாச்சி என்று விற்பனவற்றுள் வேறு மரத்தில் செய்து செந்நிறம் ஏற்றியவை மிகுதி. எடுத்துப் பார்த்தால் கனமின்மையே காட்டிக்கொடுத்துவிடும்.

நடைவண்டியின் வரலாறு இதற்கு நேர்மாறானது. பூட்டி வைத்துக் காக்க இயலாத பொம்மை அது. குழந்தை எழுந்து நிற்கத் தொடங்கும் நாளில் தேவைப்படுகின்றது. ஓடத் தொடங்கும் நாளில் தேவையற்றுப் போகின்றது. இடைப்பட்ட காலம் சில திங்கள்களே. ஒரு குழந்தைக்காக ஒரு வண்டி என்றால் எவ்வளவு வீண் என்று கணக்குப் பார்த்த தெருக்கள் அதனைக் கைமாற்றிக்கொண்டன. தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டார் சீராகத் தந்த வண்டி, தம்பி தங்கையரிடம் சென்று, சித்தி வீட்டிற்குப் போய், எதிர்வீட்டிற்கு இரவலாகி, பிறகு பரணேறும். பத்தாண்டு கழித்து இறங்கும்போது ஒரு சக்கரம் ஆடும், அச்சு தளர்ந்திருக்கும். ஆசாரியிடம் எடுத்துச் செல்வார்கள். அவர் கலப்பைக்கு மேழி செதுக்கியபோது எஞ்சிய துண்டொன்றை எடுத்து, புதுச் சக்கரம் கடைந்து மாட்டித் தருவார். களத்துமேட்டில் அளக்கும் நெல்லோடு அதற்கான கூலியும் சேர்ந்துவிடும். இப்படி மூன்று சக்கரங்களும் கைப்பிடியும் ஒவ்வொன்றாக மாறிய பின்னரும் அவ்வீட்டார் 'இது அப்பா நடந்த வண்டி' என்றே சொல்வர். உடையாத பொம்மை என்று நினைவில் நிற்பது உண்மையில் பலமுறை உடைந்து பலமுறை செப்பனிடப்பட்ட பொம்மை. செப்பனிட்டவர் பெயர் யார் நினைவிலும் இல்லை.

செப்புச் சாமானில் கையின் திறம் வேறு வகையானது. அம்மி, உரல், திருகை, குடம், அடுப்பு, பானை என்று சமையலறை முழுவதும் உள்ளங்கை அளவில் கடைந்து எடுக்கப்படும். திருநெல்வேலிச் சீமையில் அம்பாசமுத்திரம் இக்கடைசல் வேலைக்குப் பெயர் பெற்ற ஊர். கருநாடகத்துச் சென்னபட்டணம் இதே கலையால் உலகறிந்தது. அங்கே நம் வெட்பாலை மரத்தைப் பயன்படுத்துவர். கடைசல் பொறியில் சுழலும் மரத்தின் மீது வண்ணம் கலந்த அரக்குக் கோலை அழுத்தினால், உராய்வின் வெப்பத்தில் அரக்கு உருகி மரத்தில் பரவும். பின்னர்த் தாழை மடலை மடித்து அதன்மேல் தேய்ப்பர், மெருகு ஏறும். தூரிகை கொண்டு பூசிய வண்ணம் போல இது செதில் செதிலாக உரிவதில்லை, மரத்தோடு ஒன்றிவிடுகின்றது. குழந்தை வாயில் வைத்தாலும் அரக்கால் கேடில்லை. பாட்டி வீட்டுச் செப்பு இன்றும் பளபளக்கின்றது என்று எழுதும் கவிஞர், அப்பளபளப்பு உராய்வில் பிறந்தது என்று அறிந்தால் இன்னும் நல்ல கவிதை எழுதக்கூடும்.

இவையெல்லாம் சில வீடுகளின் பொருள்கள். ஊரின் பெரும்பான்மைப் பிள்ளைகளின் பொம்மைகளுக்குப் பரணும் பெட்டியும் தேவைப்படவில்லை. நுங்குக் கூந்தல் இரண்டைக் குச்சியில் கோத்த வண்டி, பனையோலைக் காற்றாடி, பூவரசு இலைப் பீப்பி, தீப்பெட்டிகளைக் கோத்த இரயில், தட்டி நூல் கோத்துச் சுழற்றிய சோடா மூடி, தேய்ந்து கழித்த மிதிவண்டி டயர் ஆகியவை அவை. காலையில் செய்து மாலையில் வீசப்படுவன. இவற்றுள் எதனையும் எவரும் மகளுக்குச் சீராகத் தந்ததில்லை. ஆயினும் நுங்கு வண்டி செய்யத் தெரியாத பிள்ளை பனைநாட்டில் ஒரு காலத்தில் இல்லை. மூத்த பிள்ளை செய்வதைப் பார்த்து இளையது கற்றது. அதற்கு ஏடோ ஆசிரியரோ வேண்டியிருக்கவில்லை. பொருள் அன்றே அழிந்தது. செய்முறை கையிலிருந்து கைக்குச் சென்றது. பம்பரம் இவ்விரு வகைக்கும் நடுவில் நிற்பது. காசு கொடுத்து வாங்குவது; ஆனால் தோற்றவன் பம்பரத்தை வட்டத்தில் வைத்து ஆணியால் குத்துவதே ஆட்டத்தின் விதி. பிளந்து போகாத பம்பரமே நல்ல பம்பரம். குத்துத் தழும்புகளின் எண்ணிக்கை அதன் பெருமை. தழும்பில்லாத பம்பரத்தை வைத்திருந்தவன் ஆட வராதவன்.

தகரப் பொம்மை வேறொரு உலகத்திலிருந்து வந்தது. செருமனியின் நூரன்பர்க்கு நகரம் 19-ஆம் நூற்றாண்டில் தகரப் பொம்மைத் தொழிலின் தலைநகராக விளங்கிற்று. முதல் உலகப்போரில் செருமானியச் சரக்கு நின்றபோது சப்பானியப் பொம்மைகள் இந்தியச் சந்தையில் பெருகின. சாவி கொடுத்தால் ஓடும் குரங்கும் காரும் நகரத்து வசதியான வீடுகளைத் தாண்டவில்லை. திருவிழாக் கடைக்கு வந்து சேர்ந்து ஏழைப் பிள்ளைக்கும் ஓரளவு எட்டியது தகரக் கப்பல் ஒன்றே. தாமசு பியோ என்பவர் 1891-இல் இங்கிலாந்தில் உரிமம் பெற்ற அமைப்பு அது. கப்பலின் வயிற்றில் மெல்லிய தகடு மூடிய சிறு கலம். அதிலிருந்து பின்பக்கம் நீருக்குள் திறக்கும் குழாய்கள். நீர் நிரப்பி, கலத்தின் அடியில் எண்ணெய்த் திரியை ஏற்றினால் நீராவி எழுந்து குழாய் நீரைப் பின்னோக்கி வெளித்தள்ளுகின்றது. ஆவி குளிர்ந்து சுருங்க, நீர் மீண்டும் உள்ளே புகுகின்றது. வெளியேறும் நீர் ஒரே திசையில் பாய்கின்றது. உள்ளே புகும் நீரோ எல்லாத் திசைகளிலிருந்தும் வருகின்றது. அதனால் கப்பல் முன்னேறுகின்றது. தகடு படபடவென்று அடித்துக்கொள்வது அதன் பாட்டு. நீர் வற்றியது தெரியாமல் திரி எரிந்தால் பற்றவைப்பு உருகிக் கப்பலின் ஆயுள் முடிந்தது. ஓர் அண்டா நீரும் பொறுமையும் உடைய பிள்ளையிடம் அது பல திருவிழாக்கள் தாங்கிற்று. மறதியுடைய பிள்ளையிடம் வீடு வந்து சேரவில்லை.

இந்த வரிசையில் பிளாஸ்டிக்கை வில்லனாக நிறுத்துவது எளிது. கவிதைகள் அதைத்தான் செய்கின்றன. ஆனால் தச்சர் ஒருவரின் கதை இங்கே குறுக்கிடுகின்றது. டென்மார்க்கு நாட்டுப் பில்லுண்டு என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறித்தியான்சன் 1932-இல் மரப்பொம்மை செய்யத் தொடங்கினார். அவர் தோற்றுவித்த லெகோ நிறுவனம் 1958-இல் பிளாஸ்டிக் கட்டைகளின் இன்றைய அமைப்புக்கு உரிமம் பெற்றது. 1960-இல் தீ விபத்தை அடுத்து மரப்பொம்மைகளை அடியோடு விட்டுவிட்டது. 1958-இல் செய்த கட்டை இன்று செய்யும் கட்டையோடு பொருந்தும். பாட்டனின் கட்டையும் பேரனின் கட்டையும் ஒரே கோபுரத்தில் நிற்க முடியும் என்றால், மரப்பாச்சிக்குக்கூட இல்லாத ஒரு நீட்சி அது. ஆகவே குற்றம் பொருளினது என்று சொல்லிவிட முடியாது. பிளைமவுத்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வொன்று, கடலில் வீழ்ந்த அத்தகைய கட்டை 100 முதல் 1,300 ஆண்டுகள் வரை அழியாதிருக்கலாம் எனக் கணக்கிட்டது. திருவிழாக் கடையில் வாங்கி வீடு சேருமுன் சக்கரம் கழன்ற காரும் பிளாஸ்டிக்தான். அதன் துண்டுகள் அக்குழந்தையின் கொள்ளுப்பேரனுக்குப் பின்னும் மண்ணில் கிடக்கக்கூடும். அழியாத பொருளைக் கொண்டு அரைநாள் பொம்மை செய்கின்றோம் என்பதே இக்காலத்தின் விந்தை. கழன்ற சக்கரத்தை மாட்டித் தர ஆசாரியும் தெருவில் இல்லை. இருந்தாலும் வார்ப்பில் வந்த அச்சில் அவர் எங்கே ஆணி அடிப்பார்?

மரப்பொம்மைகள் இப்போது மீண்டும் வருகின்றன. பொம்மைகளுக்குத் தர முத்திரை கட்டாயம் என்னும் ஆணையை இந்திய அரசு 2020-இல் பிறப்பித்து, 2021 சனவரி முதல் நடைமுறைப்படுத்தியது; பதிவுபெற்ற கைவினைஞர் செய்பவற்றுக்கு அதில் விலக்கு அளிக்கப்பட்டது. நகரத்துக் கடைகளில் இயற்கை வண்ணம் தீட்டிய கடைசல் கிலுகிலுப்பைகள் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பட்டுள்ளன. அவற்றின் விலைச்சீட்டைப் படித்துவிட்டுத் திரும்ப வைப்போருள் கடைசல்காரரின் உறவினரும் இருக்கலாம்.

தேர்த்திருவிழா நாட்களில் சாலையோரத்தில் நடைவண்டிகள் வரிசையாக நிற்பதை இன்றும் காணலாம். மஞ்சளும் சிவப்பும் பூசிய மெல்லிய மரம். சக்கரங்கள் மூன்றே, உருத்திரங்கண்ணனார் எண்ணிய எண்ணிக்கை மாறவில்லை. அவற்றை எடுத்து உருட்டிப் பார்த்து விலை கேட்பவர்கள் பெரும்பாலும் பேரன் பேத்தி கண்டவர்கள். குழந்தையின் பெற்றோர் சற்றுத் தள்ளி நின்று, அடுக்ககத்து வீட்டில் பரண் இல்லையே, பிறகு இதை எங்கே வைப்பது என்று கேட்கின்றனர்.